ஐக்கிய நாணயமும் சம்பளச் சீட்டும்

இன்று சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்று நீட்டி வழங்குவதனை நம் பாட்டன்மார் ஐக்கிய நாணய சங்கம் என்றனர். நாணயம் காசுக்கும் பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் பெயர். கையிற் காசில்லாதவன் தன் சொல்லையே ஈடாக வைத்துக் காசு பெறுதற்கு ஏற்பட்டதன்றோ அச்சங்கம்! அத்துணைப் பொருத்தமான பெயரைக் கைநழுவ விட்டது நமக்கு நட்டமே என்பது என் கருத்து.

இலங்கையில் இவ்வகைச் சங்கம் முதன்முதல் தோன்றிய இடம் நம் கண்டி மாநகருக்கு அணித்தாகவே உள்ளது. மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பகுதியிலே, மெனிக்கின்னை என்னும் சிற்றூரில் 1906 ஆம் ஆண்டில் அது அமைந்தது. இத்தகைய சங்கங்களுக்கெனச் சட்டம் பிறந்ததோ 1911 இல். இலக்கியம் முன், இலக்கணம் பின் என்று மாணாக்கர்க்கு நாம் உரைப்பது இங்கும் மெய்யாயிற்று. அந்நாளில் தும்பறையின் முக்கிய ஊராயிருந்த பழைய தெல்தெனியா நகரம் இன்று விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. கண்டியை அடுத்த பொல்கொல்லையில் கூட்டுறவாளர்க்குப் பயிற்சியளிக்கும் நிலையம் மட்டும் பழைய தொடர்பை நினைவூட்டிக்கொண்டு நிற்கின்றது.

இம்முறையின் தாயகம் ஜேர்மனி. ரைபைசன் என்னும் கிராமத் தலைவர் 1860களில், வட்டிக்காரரிடம் அகப்பட்ட உழவரை ஒருவர்க்கொருவர் பிணையாக்கிக் கடனுதவிச் சங்கங்களை அமைத்தார். சென்னை மாகாண அதிகாரியான நிக்கல்சன் அதனை ஆராய்ந்து 1890களில் விரிவான அறிக்கை எழுதினார். இந்தியாவில் 1904 இற் சட்டம் வந்தது. 1907 இல் போஸ்ரன் நகரத்துத் துணிக்கடை முதலாளி பைலீன் என்பார் இந்தியாவிற் பயணஞ் செய்தபோது கிராமச் சங்கங்களைக் கண்டு வியந்தார். தம் நாடு திரும்பி அவர் உழைத்த உழைப்பின் பயனாக 1909 இல் மசச்சுசெற்ஸ் மாநிலம் கடன் சங்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவிலே தொழிற்சாலைதோறும் கடைதோறும் ஊழியர் சங்கங்கள் பல்கியது அதன் பின்னரே.

உழவனின் சங்கத்துக்கும் ஊழியனின் சங்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உழவனுக்கு நிலம் உண்டு, அயலார் உண்டு. ஆனால் மழை பொய்த்தால் தவணை பொய்க்கும். ஊழியனுக்கு நிலமில்லை, மாதச் சம்பளம் உண்டு. ஆதலின் சம்பளமே ஈடாயிற்று. திங்கள்தோறும் ஒரு தொகை பங்காகவும் சேமிப்பாகவும் கழிக்கப்படும். அத்தேவைக்கென விண்ணப்பித்தால், உடன் பணிபுரியும் இருவர் பிணைக் கையொப்பத்துடன் கடன் கிடைக்கும். தவணை சம்பளத்திலேயே கழியும். முன்பெல்லாம் சம்பள நாளில் அலுவலக வாயிலிலே கைத்தடியுடன் காத்து நின்ற ஆப்கானிய வட்டிக்காரரைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டவர் இதன் அருமையை அறிவர். ஆசிரியர், மருத்துவமனைப் பணியாளர், எழுதுவினைஞர் ஆகியோர் வாழ்வில் ஒரு வீட்டுக் கூரையோ ஒரு மகளின் திருமணமோ இச்சங்கமின்றி நிறைவேறியிராது.

ஆயினும் ஒன்று என் நெஞ்சை உறுத்துவதுண்டு. இதே மலைநாட்டிலே, நம் பாடசாலை மாணவர் பலரின் பாட்டன்மாரும் சம்பளத்திற் கழிவு கண்டவர்களே. அக்கழிவு வேறு வகையது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்படும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டமே அவனைப் பெறும். தீராதவரை அவன் விலகுதல் அரிது. அத்துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனுதவிக்கு மட்டுமன்றி வேறு நோக்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைக்க இடமளித்த சட்டமும் அதே 1921 இல் வந்ததே! ஒன்றையொன்று அறியாது பிறந்த இரட்டையர் போலும். கழிவு என்னும் கருவி ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை பொதுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை எழுதுவினைஞனுக்கு இருந்தது. தன் பெயர் எழுதிய ஏட்டைப் பார்க்கவும் தொழிலாளிக்கு முடிந்ததில்லை. தோட்டத் தொழிலாளர்க்கென வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பரவலாக அமைந்தது 1990களிலேதான். எழுபது ஆண்டு இடைவெளி சிறிதன்று.

கேகாலைப் பகுதியில் கிரிவந்தெனிய அவர்கள் 1978 முதல் கிராமச் சங்கங்களுக்குப் புத்துயிர் அளித்த வரலாறு தனியே எழுதத்தக்கது, இங்கே விரிக்கவில்லை. அண்மைக்காலச் சோதனையை மட்டும் சொல்லுவேன். 2022 செப்தெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. இருபதாண்டு சேமித்தவர்க்கு ஏட்டில் இருந்த எண் அப்படியே இருந்தது. அது வாங்கும் அரிசி குறைந்தது. கடன் பட்டவர் தப்பினர், சேமித்தவர் தேய்ந்தனர். சிக்கனத்தைப் போதிக்கும் சங்கத்தில் இது நேர்ந்ததை எவ்வாறு மாணாக்கர்க்கு விளக்குவது என்று பொருளியல் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். விடை கூற என்னால் இயலவில்லை.

பிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தாயாரின் சத்திரசிகிச்சைக்கெனக் கடன் கேட்ட இளம் கணித ஆசிரியர் ஒருவர்க்கு யானும் ஒரு முதிய நண்பரும் கையொப்பமிட்டோம். எட்டுத் தவணை கட்டியபின் அவர் வெளிநாடு சென்றுவிட்டார். எஞ்சிய கடன் எங்கள் இருவர் சம்பளத்திலும் பாதி பாதியாகக் கழிந்தது. மாதந்தோறும் சம்பளச் சீட்டைப் பார்த்து என் மனைவி ஒன்றும் பேசாது மடித்து வைப்பாள். பேசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். மூன்றாம் ஆண்டில் அவரிடமிருந்து கடிதமும் பணமும் வந்தன. தவணை, வட்டி எல்லாம் வரிவரியாகக் கணித்து எழுதியிருந்தார். அவர் தொகைக்கும் சங்கத்தின் தொகைக்கும் ஏழு ரூபா வேறுபாடு இருந்தது. பொருளாளர் பழைய பேரேட்டை எடுத்து இரு மாலைப்பொழுது சரிபார்த்தார். பிழை எங்கள் ஏட்டில் இருந்தது. முதிய நண்பர் அதற்குள் காலமாகிவிட்டமையால், அவருக்குரிய பாதியை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்படியொரு கடன் நிலுவையில் இருந்ததென்பதே அந்த அம்மையாருக்குத் தெரியாது.