புகார் நகரத்து மூட்டைகளும் நம் கடை வாசலும்



இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவர், சந்தேகம் வந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது நம்மில் யாருக்கும் புதிதல்ல. பூம்புகார் வட்டாரத்தில் வணிகம் செய்யும் நமக்கு இதில் ஒரு கூடுதல் வேதனையும் உண்டு. காவலும் கதவும் இல்லாமலே சரக்கு பத்திரமாகக் கிடந்த ஊர் என்று பெயர் வாங்கியது இதே ஊர்தான்.

சிலப்பதிகாரத்தில் புகாரின் ஐந்து மன்றங்களைச் சொல்லுமிடத்தில் வெள்ளிடை மன்றம் வருகிறது. அங்கே வணிகர்களின் மூட்டைகள் திறந்த வெளியில் கிடக்கும். யாராவது திருடினால், அந்த மூட்டையையே அவன் கழுத்தொடியச் சுமந்து திரிய வேண்டி வருமாம். வெளியேற வழி கிடைக்காதாம். தெய்வத்தின் வேலை என்கிறது காப்பியம். நாம் வியாபாரிகள், வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மூட்டைகளின் மேல் சரக்கின் அளவும், எண்ணும், உடையவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. பட்டினப்பாலையும் இதற்குத் துணை நிற்கிறது. கடலிலிருந்து இறங்கியதையும் கடலுக்கு ஏற்றப் போவதையும் அளந்து, சோழனின் புலி முத்திரை குத்தி, சுங்க அதிகாரிகளின் காவலில் முற்றத்தில் குவித்து வைத்ததாக அது சொல்கிறது. கணக்கும் குறியும் உள்ள சரக்கைத் திருடினாலும் விற்க முடியாது. தெய்வத்தின் வேலையில் பாதியை அந்தக் குறியே செய்திருக்கும் என்பது நம் எண்ணம்.

கள்ளரே இல்லாத ஊராக இருந்தது என்றும் நாம் நம்பவில்லை. பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் பொய்வேடம் போடுபவர்களையும் கயிற்றால் கட்டி அறைந்து உண்ணும் சதுக்கப் பூதம் ஒன்றையும் அதே காப்பியம் நாற்சந்தியில் நிறுத்துகிறது. குற்றமே இல்லாத ஊருக்குப் பூதம் எதற்கு?

இன்றைய நிலைக்கு வருவோம். 27.1.2021 அன்று சீர்காழியில் நகை வணிகர் ஒருவரின் வீட்டில் புகுந்த கும்பல், அவருடைய மனைவியையும் மகனையும் கொன்று, கிலோக் கணக்கில் தங்கத்தைக் கொண்டுபோனது நம் எல்லோரையும் உலுக்கியது. நமக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுதான். அன்றே போலீசார் கும்பலைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நகையும் பெரும்பாலும் மீண்டது. போன உயிர்கள் மீளவில்லை. போகும்போது கண்காணிப்பு கேமராவின் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள் என்பதை மறக்கக் கூடாது. கேமரா மாட்டிய நம் அன்பர்கள் பலர் அந்தப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வசூல் பணத்தையும் சரக்கையும் வீட்டில் வைப்பவர்கள், அது குடும்பத்தையே வாசலில் நிறுத்துவதாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் மளிகைக் கடைக்காரருக்கு அன்றாடத் தலைவலி கொள்ளையல்ல. வாசலில் அடுக்கிய எண்ணெய் டின்னில் ஒன்று குறைவது, லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு சிப்பம் நழுவுவது, கூட்டத்தில் சோப்பும் ஷாம்பும் பைக்குள் போவது, இவைதான். இங்கே 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303. திருடிய பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் முறைக் குற்றமாகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். மூட்டையைச் சுமக்க வைத்த புகார் நகரத்துத் தண்டனை வேறு உருவில் திரும்பி வந்ததோ என்று நமக்குத் தோன்றியது! வேடிக்கை அத்தோடு சரி. இந்தச் சிறு திருட்டு, போலீசார் தாமாகப் புலன் விசாரணை செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அதற்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

பிரிவு 305 வேறு. பொருள்களைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 5000 ரூபாய்ச் சலுகை அந்தப் பிரிவில் சொல்லப்படவில்லை. ஆகவே புகார் எழுதும்போது சரக்கு கடைக்குள் இருந்ததா, குடோனிலா, தெருவோரத் திண்ணையிலா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "சாமான் காணவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதினால் எந்தப் பிரிவு என்பதே குழப்பமாகிவிடும். பில்லும் ஸ்டாக் புத்தகமும் கூட இருக்கட்டும். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். கேட்டு வாங்குங்கள்.

அடிமாட்டு விலைக்கு வரும் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கினால் 317-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை. பில் இல்லாத சரக்கை இரவில் கொண்டு வருபவர் நமக்கு உதவி செய்ய வரவில்லை.

கையும் களவுமாகப் பிடித்தவரை என்ன செய்வது? சில கடைத்தெருக்களில் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். கூடாது. பிணையில் விடத்தகாத, போலீசார் தாமாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை நம் கண்ணெதிரே செய்தவரைத் தனி மனிதர் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு. சோப்புக் கட்டி எடுத்த பையன் இதில் வருவானா என்பதே சந்தேகம். அடித்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

நம் ஊர்க்காரர் ஒருவருக்கு நேர்ந்ததையும் நினைவூட்டுகிறோம். மாசாத்துவான் என்ற புகார் வணிகரின் மகன், சிலம்பு விற்க மதுரைக் கடைவீதிக்குப் போனார். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அவரையே கள்வன் என்றான். யாரும் விசாரிக்கவில்லை. சிலம்பு யாருடையது, உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்று பார்த்தது கோவலன் வெட்டுண்ட பிறகுதான்.