வேலைக்குத் திரும்புதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே

மாரடைப்பு, பக்கவாதம், காசநோய், புற்றுநோய், பெரும் விபத்து ஆகியவற்றிலிருந்து மீண்டு வருவோர் புறநோயாளர் பிரிவில் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், நான் மறுபடியும் வேலைக்குப் போக முடியுமா?" மருத்துவர் வாய் திறப்பதற்குள் உடன் வந்தவர் விடை கூறிவிடுவார்: "முதலில் முழுவதும் குணமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அன்பினால் எழும் சொல் அது. ஆயினும், முழுவதும் குணமான நாள் என்று நாட்காட்டியில் குறிக்கத்தக்க ஒரு நாள் பல நோய்களில் வருவதே இல்லை. அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் தசைகள் மெலிகின்றன, தொழில் பழக்கம் விட்டுப்போகிறது, கையிருப்பு கரைகிறது. "இனி நம்மால் ஆகாது" என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. பணியிலிருந்து விலகியிருக்கும் காலம் நீள நீள, திரும்பிச் செல்வதும் கடினமாகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்: "என் வேலையில் எந்தப் பகுதியை இன்று என்னால் செய்ய இயலும்?"

ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதுள்ள நலமிக்க இளைஞர் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உடலின் திறன், அந்த 3 வாரங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு மூப்பு விளைத்த இழப்பைவிட 3 வாரப் படுக்கை விளைத்த இழப்பே பெரிதாக இருந்தது தெரியவந்தது.

நமக்கு அருகிலேயே மற்றொரு சான்று உள்ளது. காசநோய் என்றால் ஆண்டுக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் மருந்தும் அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினர் நெரிசல் மிக்க தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். அவர்களுக்கு உணவும் குறைவு, உடலுழைப்பும் மிகுதி. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே நோயைத் தீர்க்கிறது, நீண்ட படுக்கை ஓய்வு அதற்குத் தேவையில்லை என்பதை அந்த ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

இதனால் ஓய்வே வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது. இதய அறுவைக்காகப் பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு உறுதியாகப் பொருந்துவதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்கலாகாது. நோயின் இயல்புக்கு ஏற்ற ஓய்வை மருத்துவரே வரையறுக்க வேண்டும். அந்த எல்லைக்குப் பின்னும் நீட்டிக்கப்படும் ஓய்வு நன்மை தருவதில்லை.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு மருத்துவர்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் அப்போது இளம் மருத்துவர். மகப்பேறு, பெண்நோய் மருத்துவத்தில் சிறக்க விரும்பியவர். நின்று செய்ய வேண்டிய அறுவைகள் இனி அவருக்கு இயலாதவையாயின. எனினும், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சீரமைக்கும் கை அறுவையை அமர்ந்தே செய்ய முடியும். மருத்துவர் பால் பிராண்ட் காட்டிய அந்த வழியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் அறுவைக் கூடத்துக்குத் திரும்பினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் தம் உடலுக்கான மறுவாழ்வுப் பயிற்சியையும், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் உயர்பயிற்சியையும் பெற்றார். நாடு திரும்பி வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவருடைய மனவுறுதியைப் போற்றுவதோடு, நிகழ்ந்த முறையையும் நாம் கவனிக்க வேண்டும். அவருடைய கால்கள் குணமாகவில்லை. உடலுக்கு ஏற்ற பணி தேர்ந்தெடுக்கப்பட்டது, பணியிடம் அவருக்கு ஏற்ப அமைக்கப்பட்டது, மேற்பயிற்சி தரப்பட்டது. இம்மூன்றும் இன்று எந்தத் தொழிலாளியும் எளிய அளவிலேனும் கேட்டுப் பெறக்கூடியவை.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

பணிக்குத் திரும்பும் நாளுக்கு 2, 3 வாரங்கள் முன்னரே ஒத்திகையைத் தொடங்குங்கள். வேலைநாளில் எழும் நேரத்தில் எழுந்து, குளித்து, உடுத்தி, உணவையும் மருந்தையும் உரிய வேளையில் முடித்துக்கொள்ளுங்கள். பகல் உறக்கத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வில்லியனூரிலிருந்து பேருந்தில் வர வேண்டியவரானால், நெரிசலற்ற வேளையில் ஒருமுறை அதே பேருந்தில் சென்று வாருங்கள். பலருக்கு வேலையைவிடப் பயணமே மிகுந்த களைப்பைத் தருகிறது.

நடக்கும்போது உங்களால் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் உழைப்பு அளவோடு உள்ளது. சொற்கள் துண்டுபட்டு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுநாள் காலையிலும் களைப்பு நீங்காவிட்டால், முந்திய நாளின் உழைப்பு அளவு மீறியது என்று கொள்ளலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பக்கவாதத்துக்கும் பின்னர் வரும் களைப்பும் நினைவுத் தடுமாற்றமும் பல மாதங்கள் நீடிக்கக்கூடும். அது சோம்பல் ஆகாது; நோயின் தொடர்விளைவு. செய்ய வேண்டியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதும், கவனம் தேவைப்படும் வேலையைக் காலையிலேயே முடிப்பதும் பயன் தரும்.

நிறுவனத்திடம் பேசுதல்

'தகுதியுடையவர்' என்று மட்டும் எழுதிய சான்றிதழைவிட, உங்களால் எவை இயலும், எவை இயலா என்று விளக்கும் கடிதமே நிறுவனத்துக்கு உதவும். எத்தனை மணி நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், இரவுப்பணி கூடுமா, ஏணியில் ஏறலாமா, வாகனம் ஓட்டலாமா என்பன அதில் இடம்பெறலாம். வலிப்பு வந்தவர்களும், உறக்கம் தரும் மருந்துகளை உட்கொள்வோரும் உயரத்தில் பணிபுரிவது, ஓடும் இயந்திரத்தை இயக்குவது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

முதல் 2 வாரம் அரைநாள், அடுத்த 2 வாரம் 6 மணி நேரம், அதன்பின் முழுநாள் என்பது ஒரு மாதிரி ஏற்பாடு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நின்று பணிபுரிபவர், சில வாரங்கள் தரச்சோதனை மேசைக்கு மாற்றம் கேட்கலாம். இவ்வாறு கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டிப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஊர் நம் புதுச்சேரி. மனித உடல் தாங்கும் அளவிலேயே வேலை அமைய வேண்டும் என்னும் கோரிக்கை இவ்வூருக்குப் புதிதன்று.

சட்டமும் காப்பீடும்

இ.எஸ்.ஐ. திட்டத்தில் காப்பீடு பெற்ற தொழிலாளி, உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதத்தை உதவித்தொகையாகப் பெறலாம். காசநோய், தொழுநோய், புற்றுநோய், ஒரு பக்கப் பக்கவாதம் உள்ளிட்ட 34 நீடித்த நோய்களுக்கு, கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 சதவீத உதவித்தொகை 2 ஆண்டு வரை நீட்டிக்கப்படும். கோரிமேட்டில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதன் விவரங்களைக் கேட்டறியலாம். சிகிச்சைத் தாள்களையும் விடுப்புச் சான்றுகளையும் நாள்வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

அரசுப் பணியில் உள்ளோருக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வலுவான பாதுகாப்பு அளிக்கிறது. பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டது என்பதற்காக ஒருவரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய பணியிடம் இல்லையெனில், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் அவரை வைத்திருக்க வேண்டும். எனவே, மனச்சோர்வு மிகுந்த வேளையில் பணிவிலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

சொந்தத் தொழில் செய்வோர்

குபேர் அங்காடியில் காய்கறி விற்பவருக்கும் வைத்திக்குப்பம் மீனவருக்கும் மருத்துவ விடுப்பு இல்லை. வருமானம் நின்ற மறுநாளே வீடு தடுமாறுகிறது. இவர்கள் தாமதமாகத் திரும்புவதைவிட, மிக விரைவில் திரும்பிவிடுவதே எங்களுக்குக் கவலை தருவது. இவர்களுக்கும் படிநிலை உண்டு. கடலுக்குச் செல்லும் முன் சில வாரங்கள் வலை சீர்செய்தல், ஏலக் கணக்குப் பார்த்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மூட்டை இறக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டு, உயரமான இருக்கையில் அமர்ந்து விற்கலாம். சிறுநீர் பிரிய மருந்து உட்கொள்வோரும், நீர் அருந்த வரம்பு விதிக்கப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் சித்திரை, வைகாசி வெயிலில் பணிபுரியும் முன் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

குடும்பத்தாருக்கு

நோயாளியின் கையிலிருந்து எல்லா வேலையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மருந்துகளைத் தாமே எடுத்து வைப்பது, மின்கட்டணம் செலுத்துவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது போன்றவை பணிக்கான முதற்பயிற்சிகள். முன்பு செய்த வேலைக்கே திரும்ப இயலாமல் போகலாம். அப்போது பழைய நாள்களோடு ஒப்பிடாமல், சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

நோயாளியைக் கவனிப்பதற்காக வேலையை விட்ட மனைவியரும் மகள்களும் பலர். அவர்களுடைய வேலை இடைவெளியும் இதே குடும்பத்தின் இழப்புதான். நோயாளி நாளில் சில மணி நேரம் தனித்திருக்கும் நிலை வந்தவுடன், கவனிப்பவர் பணிக்குத் திரும்புவது பற்றியும் பேசத் தொடங்குங்கள்.

நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயக்கம், திடீரெனக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் வேலையை உடனே நிறுத்திவிட்டு 108 ஆம்புலன்சை அழையுங்கள். உறக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு தாளில் உங்கள் வேலைநாளை எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், செல்லும் வழி, நிற்கும் நேரம், தூக்கும் பளு, ஏறும் படிகள், உண்ணும் வேளை, வீடு திரும்பும் நேரம் ஆகியவை போதும். மாத்திரைச் சீட்டைப் போலவே அந்தத் தாளையும் உங்கள் மருத்துவர் முன் வையுங்கள். எந்த வரியிலிருந்து தொடங்கலாம் என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.