பாஸ்கா விருந்துத் தட்டு

எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் பாஸ்கா பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். எபிரேய நாட்காட்டியில் நிசான் மாதம் 15ஆம் நாள் அது தொடங்குகிறது. முதல் இரவின் 'சேதர்' விருந்தில் அடையாள உணவுகள் வைத்த தட்டு மேசையில் இடம்பெறும்.

கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. உப்புத் தண்ணீர் அன்று சிந்திய கண்ணீர். பழமும் கொட்டையும் சேர்த்து அரைத்த கலவை, செங்கல் அறுக்கக் குழைத்த களிமண். அருகில் வைக்கும் புளிப்பில்லா அப்பம், மாவு புளிக்கும்வரை காத்திராமல் புறப்பட்ட அவசரத்தின் அடையாளம்.

வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்க, பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்வார்கள். எகிப்திலிருந்து தாமே விடுதலை பெற்றதாக ஒவ்வொரு தலைமுறையும் உணர வேண்டும். இதுவே இப்பண்டிகையின் உட்பொருள்.