உண்ணும் உணவு மனச்சோர்வைத் தணிக்குமா? எப்படி?

மனச்சோர்வு உள்ளத்தைப் பற்றிய வியாதியாயிருக்க, வயிற்றினுள் செல்லும் ஆகாரம் அதனை எவ்விதம் தணிக்கக்கூடும் என்று கேட்பது நியாயமே. உள்ளத்திற்கு ஆதாரமான மூளை, சரீரத்தின் எடையில் சுமார் 2 சதவீதமே ஆயினும், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தானே பெற்றுக்கொள்ளும் அவயவம் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.

மனநிலையைச் சீராக வைப்பதில் பங்குகொள்ளும் செரோட்டோனின் என்னும் ரசாயனத்தை, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்திலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்தே மூளை ஆக்கிக்கொள்கிறது. அதற்கு இரும்புச்சத்தும் பி6 வைட்டமினும் இன்றியமையாத துணைகள். அன்றியும், கீரை, முழுத்தானியம் முதலியவற்றின் நார்ச்சத்தைக் குடலின் நுண்ணுயிர்கள் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பமிலங்கள் அழற்சியைத் தணிக்க உதவுகின்றன. மனச்சோர்வுற்றோரில் ஒரு சாராரிடம் அழற்சியின் குறிகள் மிகுந்து காணப்படுவதால், இவ்வழியும் ஆராயத்தக்கதாயிற்று.

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா அம்மையாரின் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், மனச்சோர்வுற்ற 67 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் காய்கனி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு முறையையும், மற்றவருக்கு நட்புரையாடலையும் 12 வாரங்கள் அளித்தபோது, முன்னவரில் சுமார் 32 சதவீதத்தினரும் பின்னவரில் 8 சதவீதத்தினருமே நோய்க்குறி நீங்கும் நிலையை எய்தினர்.

சோதனை சிறியது, பங்குபெற்றோரில் பெரும்பாலோர் மருந்தோ மனநல ஆலோசனையோ முன்னமே பெற்றுவந்தவர்கள். ஆகவே, மருத்துவர் தந்த சிகிச்சையைக் கைவிடாமல், அதற்குப் பக்கபலமாக நல்லுணவைக் கொள்வதே விவேகம்.