அவர் சொன்னது, நாம் சொல்வது

ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று கேட்கும் மாணவர்களை, ‘இந்தியாவில் சாதிகள்’ படிக்கச் சொல்வேன். அண்ணல் அம்பேத்கர் தம் 25ஆம் வயதில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்தது. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த வரையறைகளை முதலில் அவரவர் சொற்களிலேயே எடுத்துவைக்கிறார். பிறகுதான் விவாதம். பிற சாதியாரோடு உண்ணாமையைச் சாதியின் இயல்பாக நெஸ்ஃபீல்டு சொன்னாரே, அது விளைவு, காரணமல்ல என்கிறார். கேட்கரைப் பாராட்டிவிட்டே மறுக்கிறார். அகமணமே சாதியின் சாரம் என்ற தம் முடிவு அதன்பின் வருகிறது.

குறிப்பேட்டிலும் அப்படியே. நூலாசிரியர் சொன்னது பக்க எண்ணோடு இடப்புறம். நமக்குத் தோன்றியது வலப்புறம். இரண்டையும் கலக்காதீர்கள். நம் பிள்ளைகள் நன்றாக எழுதினால், “எங்கிருந்து எடுத்தாய்?” என்றுதானே முதலில் கேட்கிறார்கள்! அப்போது அந்தக் குறிப்பேட்டைத் திறந்து காட்டலாம்.