அழைத்தால் திரும்பி வரும் விப்பெட்

நாய் வளர்ப்போர் தம் நாய்க்குக் கற்பிக்க விரும்பும் பழக்கங்கள் பல. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். வாசலுக்கு வருவோர் மீது பாயாதிருக்க வேண்டும். உணவு வைக்கும்போது பொறுத்திருக்க வேண்டும். இவையெல்லாம் நமக்கு வசதி தரும் பழக்கங்கள். வாரை அவிழ்த்து விட்ட பிறகு அழைத்த குரலுக்குத் திரும்பி வருவதோ நாயின் உயிரையே காக்கும் பழக்கம். கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்களுக்கு இதைக் கற்பிப்பது சற்றுக் கடினம். அவ்வகை நாய்களுள் ஒன்றாகிய விப்பெட்டை எடுத்துக்கொண்டு, இப்பழக்கத்தை எவ்வாறு உண்டாக்குவது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விப்பெட் வட இங்கிலாந்தில் உருவான நாய். தோற்றத்தில் சிறிய கிரேஹவுண்டு போன்றது. ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கழுத்தும் குட்டையான மயிரும் உடையது. எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிலோகிராம் வரை இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த மக்கள் இதை விரும்பி வளர்த்தனர். குதிரை வைத்துப் பந்தயம் ஓட்ட வசதியற்ற அவர்களுக்கு இந்நாயே பந்தயக் குதிரையாயிற்று. 'ஏழையின் பந்தயக் குதிரை' என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று.

அப்பந்தயம் நடந்த முறையை நாம் கவனித்தல் நன்று. ஓட்டப் பாதையின் ஒரு முனையில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறு முனையில் அதன் எஜமானர் ஒரு துணியை ஆட்டியவாறு உரக்கக் கூவுவார். பிடி தளர்ந்ததும் நாய் அத்துணியை நோக்கி, அதாவது தன் எஜமானரை நோக்கி, முழு வேகத்துடன் பாயும். ஆகவே, விப்பெட் கூப்பிட்டால் வராத சாதி என்று சொல்வது பொருந்தாது. கூப்பிட்ட இடத்திற்கு விரைந்து வந்தே புகழ் பெற்ற சாதி அது. ஆனால் கூப்பிட்டவரின் கையில் துரத்துவதற்குரிய பொருள் ஒன்று இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, இன்று பூங்காவில் அணிலைக் கண்ட நாய் நம் குரலைச் செவியேற்காதது ஏன் என்று பார்ப்போம். மோப்ப நாய் தரையை முகர்ந்து செல்லும். விப்பெட் தொலைவில் அசையும் பொருளைக் கண்ணால் தேடும். 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாய்களின் விழித்திரையை ஆராய்ந்தனர். நீண்ட முகமுடைய நாய்களில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டை போல் செறிந்திருப்பதையும், குட்டை முகமுடைய நாய்களில் அவை நடுவில் குவிந்திருப்பதையும் கண்டனர். ஆகவே அடிவானத்தின் ஓரத்தில் நிகழும் சிறு அசைவும் நீண்ட முகமுடைய நாயின் கண்ணுக்குத் தப்புவது அரிது. அசைவைக் கண்டதும் துரத்த வேண்டும் என்னும் உந்துதல் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. துரத்துவதே அதற்கு இன்பம். இரை அகப்படாவிடினும் இன்பமே. இதனைக் கீழ்ப்படியாமை என்று கொண்டு தண்டிப்பது பயனற்றது.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விப்பெட் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. ஒரு வினாடிக்கு 15 மீட்டர் என்பது கணக்கு. நாம் திகைத்துப் பெயர் சொல்லி அழைப்பதற்குள் மூன்று வினாடி கழியுமானால், நாய் 45 மீட்டர் சென்றுவிடும். அவ்வளவு தொலைவில் ஒரு சாலை இருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே அழைப்புக்கு வரும் பழக்கம் சிந்தித்துச் செய்யும் செயலாக இருத்தல் போதாது. ஒலி கேட்டதும் உடல் தானே திரும்பும் அளவிற்கு அது ஊறிப்போயிருக்க வேண்டும்.

நற்பயன் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பது அமெரிக்க உளவியலறிஞர் தார்ண்டைக் விளக்கிய விதி. ஓர் ஒலியைத் தொடர்ந்து உணவு வருமானால், அவ்வொலியே உடலைத் தூண்டவல்லதாகிவிடும் என்பது ரஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டிய உண்மை. நம் பயிற்சி முழுவதும் இவ்விரண்டின் மீதே நிற்கிறது.

முதலாவதாக, அழைக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வா' என்பது நம் வீடுகளில் நாள் முழுதும் ஒலிக்கும் சொல். குழந்தையையும் வா என்கிறோம். விருந்தினரையும் வா என்கிறோம். போதாக்குறைக்கு, வெளி மாநிலங்களில் வசிக்கும் குடும்பங்களில் பெரியவர்கள் தமிழிலும், பிள்ளைகள் ஆங்கிலத்திலும், பணியாளர் இந்தியிலும் நாயை அழைப்பதுண்டு. நாய்க்குப் பொருள் தெரியாது. ஒலி மட்டுமே தெரியும். ஆகவே வேறு எதற்கும் பயன்படாத ஒரு சொல்லையோ, விசில் ஒலியையோ வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள அனைவரும் அதையே கையாள வேண்டும். விசிலுக்கு ஒரு நன்மை உண்டு: நம் கோபமும் கலக்கமும் அதில் ஒலிப்பதில்லை.

இரண்டாவதாக, வீட்டிற்குள் தொடங்க வேண்டும். விசிலை ஊதிய மறுகணமே நாய்க்கு மிகவும் பிடித்த உணவைத் தர வேண்டும். வேகவைத்த கோழி இறைச்சித் துண்டோ, பனீர்த் துண்டோ போதும். வேறு வேளைகளில் அவ்வுணவு கிடைக்கலாகாது. ஒலி கேட்டதும் நாய் துள்ளித் திரும்புமானால், அடுத்த அறையிலிருந்தும், பின்பு முற்றத்திலிருந்தும் அழைக்கலாம்.

மூன்றாவதாக, திறந்த வெளியில் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றைப் பயன்படுத்த வேண்டும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டலாகாது. இந்நாய் சில எட்டுகளிலேயே முழு வேகத்தை அடைந்துவிடும். கயிறு சட்டென்று இறுகினால் மெல்லிய கழுத்து ஊறுபடும். மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டையே தக்கது. நம் கைக்கும் உறை வேண்டும். தொலைவு, சூழலின் கவர்ச்சி ஆகிய இரண்டையும் ஒரே நாளில் கூட்டலாகாது. புறாக்கள் மேயும் இடத்தில் அழைப்பதானால் மிக அருகிலிருந்து அழைக்க வேண்டும்.

நான்காவதாக, சுரங்கத் தொழிலாளர் கையாண்ட துணியை நாமும் கையாளலாம். ஒரு கோலின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணியை முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பைக் கேட்டு நாய் வந்ததும் துணியை ஆட்டித் துரத்த விட வேண்டும். அல்லது, அழைத்தவுடன் நாமே எதிர்த் திசையில் ஓடலாம்; ஓடும் பொருளைத் தொடர்வது அதன் இயல்பு. உணவைக் காட்டிலும் துரத்தலை விரும்பும் நாய்க்கு இதுவே உயர்ந்த பரிசு. துணி நீலமாகவோ மஞ்சளாகவோ இருப்பது நலம்; சிவப்பையும் பச்சையையும் நாயின் கண் நன்கு பிரித்தறிவதில்லை.

செய்யத் தகாதவையும் உள. தாமதமாக வந்த நாயை அடித்தலாகாது. வந்ததற்கு அடி கிடைத்தது என்றே அது கற்றுக்கொள்ளும். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் அவ்வழைப்பைப் பயன்படுத்தலாகாது. அப்போது நாமே சென்று அழைத்து வருதல் வேண்டும். வராது என்று தெரிந்த சமயத்தில் பன்முறை கூவுதல், அவ்வொலியைப் பொருளற்றதாக்கிவிடும். வீடு திரும்பும் நேரத்தில் மட்டும் அழைப்பதும் பிழை. அழைப்பு என்றால் விளையாட்டு முடிந்தது என்று நாய் எண்ணும். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை பட்டையைத் தொட்டு, பரிசளித்து, மீண்டும் ஓட விட வேண்டும்.

நன்கு பழகிய குட்டி, பருவமடையும் காலத்தில் திடீரென்று செவிடுபோல் நடப்பதுண்டு. 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, எட்டு மாத வயது நாய்கள் தம்மை வளர்ப்பவரின் சொல்லை ஐந்து மாத வயதில் கேட்ட அளவு கேட்பதில்லை என்றும், அந்நியர் சொல்லை அவ்வாறு புறக்கணிப்பதில்லை என்றும் காட்டியது. இக்காலம் கடந்துபோகும். அதுவரை மீண்டும் நீண்ட கயிற்றுக்குத் திரும்புவதே அறிவுடைமை.

நம் நாட்டு வேட்டை நாய்களுக்கும் இம்முறை பொருந்தும். ராம்பூர் நாயும், கர்நாடகத்து முதோல் நாயும், தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்துபவையே. ராம்பூர், முதோல் ஆகிய இரண்டும் 2005இல் இந்திய அஞ்சல் தலைகளில் இடம்பெற்றன. இவற்றை ஓட விட்டால் திரும்பா என்று அஞ்சி, வாழ்நாள் முழுதும் சங்கிலியில் வைத்திருப்போர் உளர். வழக்கமாகக் கட்டி வைத்த நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கொள்கிறது. அச்சத்தினால் கட்டி வைப்பதைவிட, பயிற்சியினால் அவிழ்த்து விடும் தகுதியை உண்டாக்குதல் மேலன்றோ?

ஓட விடும் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தறிய வேண்டும். நம் நாட்டு வெயிலில் அதிகாலையே ஏற்றது. விப்பெட்டின் தோல் மெல்லியதாகையால் முள்வேலி அருகில் ஓட விடலாகாது. தெரு நாய்கள் கூடும் இடமும் தகாது. சுற்றுச் சுவருள்ள மைதானம் கிடைப்பின் மிக நன்று.

எத்துணைப் பயிற்சி அளித்தாலும், ஓடும் முயலின் பின் பாய்ந்த வேட்டை நாய் எப்போதும் திரும்பும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆதலால் வண்டிகள் செல்லும் சாலை அருகிலிருக்கும்போது வாரை அவிழ்க்காதிருப்பதே விதி. தப்பித் தவறி ஓடிவிட்டால் பின்னே துரத்த வேண்டாம். அதன் வேகத்திற்கு நாம் ஈடாக மாட்டோம். நின்ற இடத்திலேயே நின்று பழகிய ஒலியைக் கொடுத்து, வந்ததும் தட்டிக்கொடுத்து உணவளிக்க வேண்டும். நாள்தோறும் சில நிமிடங்கள் இப்பயிற்சிக்கு ஒதுக்கினால், சில மாதங்களில் நம் நாய் கட்டின்றி ஓடும் மகிழ்ச்சியையும், ஓடியபின் நலமாக வீடு திரும்பும் வாய்ப்பையும் ஒருங்கே பெறும்.