சட்டைப்பைக் கத்தி

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கத்தி என்றதும் கவ்வாத்துக் கத்தியே நினைவுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டிப் புதுத்தளிர் விடச் செய்யும் அந்த வளைந்த அலகு மலைக்குரியது, சட்டைப்பைக்குரியதன்று. கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் மடக்குக்கத்தியே ஏற்றது.

அதை வாங்குவோர் கண் முதலில் அலகின் பளபளப்பில் விழுகிறது. ஒரு காலத்தில் ஷெஃபீல்டு முத்திரை தந்த மயக்கம் அது. பார்க்கவேண்டியதோ தறையாணியை. அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வைத்துவிடுங்கள். பூட்டில்லாத கத்தியாயின் அதன் முனையால் எதையும் குத்தித் தோண்டலாகாது. அலகு மடிந்தால் வெட்டுவது பிடித்த விரலைத்தான்.

லொறியின் பழைய வில்தகட்டை உலையிலிட்டு நம் கொல்லர் பதமாக அடித்த அலகு, கூரை நெடுநாள் தாங்கும், தீட்டுவதும் எளிது. குறை ஒன்றுண்டு: துரு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் மூடுபனி எதனையும் எளிதில் உலரவிடாது. ஈரம் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவச் சோம்புவோர் துருவேறாத உருக்கையே வாங்கட்டும், அதில் வெட்கமில்லை.

ஆணி தளர்ந்தால் என்ன செய்வது? மலிவான கடைக்கத்தி குப்பைக்குப் போகும். பட்டறைக் கத்தியை அடித்தவரிடமே கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளலாம், அவர் பிள்ளைகள் கொழும்புக்குப் போனபின்னும் அந்த உலை எரியுமாயின்.